இரண்டு மாதக் குழந்தைக்கு யார் காவல்?

(உச்சமுனைக் கடற்கரையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நம் அமைப்பாளராகிய சட்டத்தரணி ஆற்றிய உரை.)



கற்பிட்டித் துறையில் வள்ளமேறி, களப்பைக் கடந்து, இம்மணற்கரையில் நான் கால் வைத்தபோது என்னை வரவேற்க நின்றவர்களுள் ஓர் இளந்தாயும் இருந்தார். அவர் கையில் பிறந்து நாற்பது நாள் நிரம்பாத குழந்தை. நான் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசையோடு அவர் பிள்ளையை நீட்டினார். நான் கைகூப்பினேனேயன்றிக் கைநீட்டவில்லை. அவர் முகம் வாடியதைக் கண்டேன். கூட்டத்துக்கு வந்த அரசியல்வாதி குழந்தையைத் தூக்க மறுத்தான் என்றால் அஃது ஊர் பேசும் அதிசயந்தான்! அத்தாயிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மறுத்த காரணத்தைச் சொல்வதற்கே இன்றைய பேச்சு முழுவதையும் ஒதுக்குகிறேன்.

மூன்று நாளாக எனக்குத் தொண்டையிலே கரகரப்பு, இடையிடையே இருமல். வெறுந் தடிமனாக இருக்கலாம். ஆயினும் கைக்குழந்தையோடு வந்த தாய்மார் காற்று வரும் திசையில், எட்டி அமர வேண்டுமென்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டதும் இதன் பொருட்டே. இந்த அறிவு எனக்குச் சட்டக் கல்லூரியிலே கிடைத்ததன்று. சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊரிலே, இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்த நிலையில், ஒரு வீட்டிலே தொட்டிற் குழந்தையை அள்ளக் குனிந்தேன். அங்கு வந்திருந்த குடும்பநல மாது என் கையைத் தடுத்தார். "ஐயா, இருமலோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். உங்களுக்கு அது இருமல், இந்தப் பிள்ளைக்கு அது மூச்சு" என்றார். நீதிமன்றத்திலே எத்தனையோ வாதங்களைக் கேட்டவன் நான். இத்துணைச் சுருக்கமாகவும் மறுக்கவியலாதவாறும் எடுத்துரைக்கப்பட்ட வாதத்தை நான் கேட்டதில்லை.

அந்த மாது அஞ்சியது குக்கலுக்கு. கக்குவான் என்றும் சிலர் சொல்வர்.

பெயர் போன இருமல்

என் அம்மம்மா பெற்ற பிள்ளைகளுள் ஒன்று குக்கலுக்குப் பலியானது. "இருமி இருமி நீலம் பாய்ந்தது, இழுத்த மூச்சுத் திரும்பவில்லை" என்று முதுமையிலும் சொல்லி அழுவார். அக்காலத்தில் நம் நாட்டிலே அதற்குத் தடுப்பூசி இல்லை. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றையும் தடுக்கும் முக்கூட்டு மருந்து இலங்கையில் வழங்கத் தொடங்கியது 1961 இல். 1978 இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் வந்தது. அதன் பயனாய்க் குக்கல் இன்று அரிதாகிவிட்டது. இளந்தாய்மார் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. இது பெருமைக்குரிய செய்தி. ஆனால் மறந்துபோன பகைவனே மதிலேறிக் குதிப்பவன் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இந்நோயைத் தருவது ஒரு நுண்கிருமி. 1906 இல் பிரசல்ஸ் நகரிலே போர்டே, ஜான்கூ என்னும் இரு விஞ்ஞானிகள் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர். இருமும்போதும் தும்மும்போதும் சிதறும் துளியிலே அஃது ஏறிப் பயணம் செய்கிறது. உடலிற் புகுந்து ஒரு வாரம் பத்து நாளிலே, தடிமன் போலத் தலைகாட்டும். மூக்கு வடியும், சிறிது இருமும். பார்ப்பவர் அதனைப் பொருட்படுத்தார். ஆனால் அந்த முதலிரு வாரங்களிலேதான் அது மிக வேகமாகத் தொற்றுகிறது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால், எதிர்ப்புச் சக்தியில்லாத மற்றவருள் பெரும்பாலோரையும் அது பிடித்துவிடும். அடுத்த வாரங்களில் இருமல் அலையலையாக வரும். சில நாடுகளில் இதற்கு "நூறு நாள் இருமல்" என்றே பெயர்.

வளர்ந்த பிள்ளை இருமி முடித்து மூச்சை உள்ளிழுக்கும்போது கூவுவது போன்ற ஒலி எழும். அவ்வொலியைக் கேட்டே பழையவர்கள் நோயை அறிந்தார்கள். பெரியவர்களுக்கோ அது வெறும் நீண்ட இருமலாகவே இருந்துவிடும். சிறுவயதில் ஊசி போட்டவருக்கும், ஒருமுறை குக்கல் கண்டவருக்கும்கூட, ஆண்டுகள் செல்லச் செல்ல எதிர்ப்பு வலிமை குன்றிவிடுகிறது. ஆகவே தகப்பன் இருமிக்கொண்டே கடலுக்குப் போவான்; தாத்தா இருமிக்கொண்டே பேரனை மடியில் வைத்திருப்பார். எவர் மனத்திலும் ஐயம் எழாது.

தாய்மார்களே, இதனைக் கூர்ந்து கேளுங்கள். சில வாரங்களே ஆன குழந்தைக்கு அந்தக் கூவல் ஒலி பெரும்பாலும் இராது. சில குழந்தைகளுக்கு இருமலே தெளிவாகத் தெரியாது. மூச்சு நின்று நின்று வரும், உதடும் முகமும் நீலம் பாயும் அல்லது வெளிறும், பால் குடிக்கவியலாது, குடித்ததும் வாந்தியாகும், சோர்ந்து துவளும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். வைத்தியசாலையே அதற்கு இடம்.

சட்டம் அறிந்த ஓர் உண்மை

பராயமடையாத பிள்ளை தானாக நீதிமன்றம் ஏறி வழக்காட இயலாது. அதன் சார்பிலே வயதுவந்த ஒருவர் நின்று வழக்காட வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பிள்ளையின் உரிமை ஏட்டிலே இருக்கும், கைக்கு வராது. இந்தச் சட்டநெறி உடலுக்கும் பொருந்துகிறது.

நம் நாட்டு அட்டவணைப்படி, குக்கலைத் தடுக்கும் மருந்து குழந்தைக்கு முதலில் கிடைப்பது இரண்டு மாதம் நிறைந்தபோது. பின்னர் நான்காம் மாதம், ஆறாம் மாதம், பதினெட்டாம் மாதம். முதலூசி ஓரளவு காவல் தரும். ஆறாம் மாத ஊசிக்குப் பின்னரே காவல் உறுதிப்படும். அங்ஙனமாயின், பிறந்த நாளிலிருந்து முதலூசி வரையுள்ள இரண்டு மாதங்களில் அந்தக் குழந்தைக்கு யார் காவல்? உலகெங்கும் குக்கலாற் சாகும் குழந்தைகளுள் மிகப் பலர் சாவது அந்த முதன் மாதங்களிலேதான்!

வெங்காய நாற்றைப் பாத்தியிலிட்ட கற்பிட்டித் தோட்டக்காரர் எவரும், நாற்றே தனக்கு வேலி கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதில்லை. பச்சிளங் குழந்தைக்கும் வேலி வெளியிலிருந்தே வர வேண்டும். அவ்வேலியின் கதியால்கள் நான்கு.

முதலாவது: தாயின் குருதி

கருவுற்ற தாய்க்குக் குக்கல் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்திலேயே போட்டால், அவள் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நச்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடைகிறது. குழந்தை பிறக்கும்போதே கவசத்தோடு பிறக்கிறது. இது கற்பனையன்று. 2012 இல் இங்கிலாந்திலே குக்கல் பெருகி 14 குழந்தைகள் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதமே அந்நாட்டு அரசு கர்ப்பிணிகள் அனைவருக்கும் இலவசமாக இந்த ஊசியை வழங்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் காவல் தந்தது என்று 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் ஊசி போட்டுக்கொள்ளும் தாய்மாரின் தொகை நூற்றுக்கு எழுபதைத் தாண்டியிருந்த நிலையிலிருந்து அறுபதுக்கும் கீழே சரிந்தது. 2024 இல் மீண்டும் நோய் பெருகிற்று. பச்சிளங் குழந்தைகள் பத்துப் பேர் அளவில் மீண்டும் மாண்டனர். வேலி பிரிந்த இடத்தில் ஆடு புகுந்தது!

இலண்டனிலே வாழும் உங்கள் அண்ணன் மகள் கர்ப்பமுற்றால் இந்த ஊசி அவளுக்குச் செலவின்றிக் கிடைக்கிறது. உச்சமுனையிலே வாழும் உங்கள் மகளின் வயிற்றில் வளர்வது மட்டும் விலை குறைந்த பிள்ளையா? நம் நாட்டிலே கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசி போடும் திட்டம் 1969 இல் தொடங்கியது. தொப்புள் வழியே நஞ்சேறி மடிந்த சிசுக்களை அது காத்தது. தாய்க்கு ஊசி போட்டுச் சேயைக் காக்கும் வழி நமக்குப் புதிதன்று. அதிலே நாம் பழக்கப்பட்டவர்கள். அந்த ஊசியோடு குக்கலுக்குரிய கூறும் சேர்ந்த மருந்தை நாட்டின் எல்லாத் தாய்மாருக்கும் இலவசமாக வழங்க வேண்டும். இக்கோரிக்கையை இம்மேடையிலிருந்து சுகாதார அமைச்சின் முன் வைக்கிறேன்.

இரண்டாவது: தவறாத தவணை

நாங்கள் சட்டத்தரணிகள் தவணை கேட்பதில் வல்லவர்கள். இன்றைய வழக்கு அடுத்த மாதத்துக்குப் போகும். அதனால் வானம் இடிந்து விழாது. ஆனால் தடுப்பூசியின் தவணையைத் தள்ளிவைக்க எந்த நீதவானுக்கும் அதிகாரமில்லை. சோளகக் காற்றிலே கடல் கொந்தளிக்கிறது. கிளினிக் நாளன்று வள்ளம் ஓடவில்லை. பிள்ளைக்கு அடுத்த மாதம் போடலாம் என்கிறோம். அந்த ஒரு மாதம், காவலில்லாத இரண்டு மாதத்தை மூன்றாக்குகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலே முதலூசி ஆறாவது வாரத்திலேயே போடப்படுகிறது. நாமோ எட்டாவது வாரத்தையும் பன்னிரண்டாவது வாரமாக்கலாமா?

மேலும், பருவம் மாறும்போது நம் மீனவக் குடும்பங்கள் ஒரு கரை விட்டு மறுகரை சென்று வாடி அமைக்கின்றன. வலையும் சட்டியும் வள்ளத்தில் ஏறும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேடும் ஏற வேண்டும். சென்ற இடத்துக் குடும்பநல மாதுவிடம் அதனைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து ஊசியைத் தொடர உங்களுக்கு உரிமையுண்டு. அது பிச்சையன்று, நீங்கள் செலுத்தும் வரியால் நடக்கும் சேவை.

மூன்றாவது: வீட்டாரின் ஒழுக்கம்

இருமலுள்ளவர் எவராயினும், தாய்மாமனாயினும் தலைவராயினும், பச்சைக் குழந்தையை அணுகலாகாது. தாய்க்கே இருமலென்றால் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு பாலூட்டட்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. குக்கல் என்று வைத்தியர் கண்டால் அதற்குரிய கிருமிகொல்லி மருந்து உண்டு. அதனை உட்கொண்டு ஐந்து நாளானால் நோயாளி பிறருக்குத் தொற்றச் செய்வதில்லை. மருந்தில்லாவிட்டால் மூன்று வாரம்வரை தொற்றும். வீட்டிலே கைக்குழந்தை இருந்தால் அதனை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வீட்டாருக்கும் தடுப்பு மருந்து தருவதா என்று அவர் தீர்மானிப்பார்.

கற்பிட்டியிலும் புத்தளத்திலும் மன்னாரிலும் தெருவெங்கும் கழுதைகள் திரிகின்றன. குக்கலுக்குக் கழுதைப் பால் கொடுப்பது நம் முன்னோர் வழக்கம். அவர்கள் கையில் வேறொன்றும் இல்லாத காலத்தில் அன்பினாற் செய்தார்கள். அவர்களை நான் இகழேன். ஆனால் மருந்திருக்கும் காலத்தில் கழுதையைத் தேடி ஓடும் ஒரு நாள், குழந்தையின் உயிரிலே ஒரு நாள். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் தடவுவதும் ஆபத்து. கடையிலே விற்கும் இருமல் பாணியும் வேண்டாம்.

நான்காவது: ஊரும் அரசும்

1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குக்கல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. சந்தேகம் எழுந்தாலே வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து விசாரிக்க வேண்டும். 1926 இல் களுத்துறையிலே முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து இந்த ஏற்பாடு வளர்ந்து நாடெங்கும் பரந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். அவ்வதிகாரி களப்பைக் கடந்துவர வள்ளம் வேண்டும். எண்ணெய் வேண்டும். வந்து சொல்லும் அறிவுரை தாய்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய அறிவித்தல், எழுதாத அறிவித்தலுக்குச் சமம்.

அரசு செய்ய வேண்டியதைக் கேட்போம். நாம் செய்யக்கூடியதை இன்றே செய்வோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி தரையில் வரும், தண்ணீரில் வராது. ஆகவே இரவு நேர அவசரத்துக்கென ஒரு வள்ளத்தை எண்ணெயோடு ஆயத்தமாக வைத்திருங்கள். முறை வைத்து ஓட்ட இளைஞர் நால்வர் பெயர் கொடுங்கள். கர்ப்பிணிகள் யார், இரண்டு மாதம் நிறையப் போகும் பிள்ளைகள் எவை என்று மாதர் சங்கம் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். வாக்காளர் இடாப்பைக் கரைத்துக் குடித்த கட்சித் தொண்டர்களுக்கு இந்தச் சிறிய இடாப்பு பாரமாகாது.

ஐயங்களுக்கு விடை

"ஊசி போட்டாற் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறதே" என்பீர்கள். வரும், ஓரிரு நாளிற் போகும். "ஊசியால் பிள்ளை செத்தது என்று கேள்விப்பட்டோமே" என்பாரும் உளர். அக்கேள்வியை நான் ஒளிக்க மாட்டேன். 2008 சனவரியில் இலங்கையிலே ஐங்கூட்டுத் தடுப்பூசி அறிமுகமானது. சில குழந்தைகளின் இறப்பு அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டு ஏப்பிரலில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்தனர். 2010 இல் மீண்டும் வழங்கப்பட்டது. இடைக்காலத்தில் பழைய முக்கூட்டு மருந்து கைவிடப்படவில்லை; காவல் அறுபடவில்லை. குற்றச்சாட்டு எழுந்தால் விசாரணை வேண்டும். விசாரணை முடியும்வரை வீட்டைத் திறந்து போட வேண்டாம். இதுவே நீதிநெறி.

மாறாக நடந்த நாடும் உண்டு. சப்பானிலே 1974 இல் குக்கல் கண்டவர் 393 பேர், இறந்தவர் எவருமில்லை. ஊசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்தன என்ற செய்தியால் அச்சம் பரவி, 1976 இல் ஊசி போட்ட குழந்தைகள் நூற்றுக்குப் பத்தாயினர். 1979 இல் நோய் கண்டவர் 13,000 பேருக்கு மேல். இறந்தவர் 41 பேர். பிற்காலத்தில் செம்மை செய்த புதிய மருந்தைக் கொண்டுவந்தே அந்நாடு மீண்டது. இரு உயிருக்கு அழுதது நியாயமே. ஆனால் அந்த 41 உயிருக்கு யார் விடை சொல்வது?

இம்மருந்தின் பிறப்பையும் கேளுங்கள். 1930களிலே அமெரிக்காவில் கடும் பொருளாதார வீழ்ச்சி. மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு பெண்மணிகள் அரசாங்க ஆய்வுகூடத்திலே பணியாற்றினர். பகல் வேலை முடிந்தபின், வேலையிழந்த ஏழைகளின் வீடுகளுக்கு நடந்து சென்று, மண்ணெண்ணெய் விளக்கொளியிலே, இருமும் பிள்ளைகளின் முன் தட்டை ஏந்திக் கிருமியைச் சேகரித்தனர். பயனுள்ள ஊசி அவ்வாறு உருவாயிற்று. அவ்வீடுகளின் வறுமை நம் வாடிகளின் வறுமைக்குக் குறைந்ததன்று. ஏழைகளின் இருமலிலிருந்து பிறந்த மருந்து ஏழைகளின் கரையை அடையாமற் போகலாமா?

பெரியோர்களே, தாய்மார்களே! ஓர் ஊரின் அரசியலை அளக்க அதன் மேடைகளின் உயரத்தை அளக்க வேண்டியதில்லை. வாக்கில்லாத, வாயில்லாத, நாற்பது நாளேயான குடிமகனுக்காக அவ்வூர் எத்தனை பேரை எழுப்புகிறது என்று பார்த்தாற் போதும்.

என்னை வரவேற்ற அந்தத் தாயிடம் மட்டும் ஒரு தவணை கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்கு இரண்டு மாதம் நிறையட்டும். குறித்த நாளில் முதலூசி ஏறட்டும். என் இருமல் முற்றாகத் தீரட்டும். அப்போது மறுபடி வள்ளமேறி வருவேன். அன்று நீங்கள் நீட்டாவிட்டாலும் நானே கேட்டு வாங்குவேன்.